உள்ளங்கையில் டிட்ரொயிட்: பழைய அமெரிக்கக் கார்களின் உலோகச் சிற்றுருக்கள்

1939 ஆம் ஆண்டு, பிரித்தானியாவின் லிவர்பூல் நகரில் இயங்கிய மெக்கானோ நிறுவனம் ஆறு அமெரிக்கக் கார்களைச் சிறிய உலோகப் பொம்மைகளாக வெளியிட்டது. 'டிங்கி' என்ற பெயரில் வந்த அந்த வரிசையில் பக்கார்ட், ஓல்ட்ஸ்மொபைல், லிங்கன், பியூக், கிறைஸ்லர், ஸ்டுடிபேக்கர் ஆகியவை இருந்தன. அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. பொம்மை செய்த தொழிற்சாலை போர்த் தளபாட உற்பத்திக்கு மாறியது. அந்த ஆறில் பக்கார்ட், ஓல்ட்ஸ்மொபைல், ஸ்டுடிபேக்கர் என்ற மூன்று பெயர்களில் இன்று எந்தக் காரும் செய்யப்படுவதில்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொம்மைகளில் சில இன்னமும் இருக்கின்றன.

இத்தகைய சிற்றுருக்களைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் உள்ளனர். 1930கள் தொடக்கம் 1970களின் ஆரம்பம் வரை வந்த அமெரிக்கக் கார்களுக்கு அவர்களிடையே தனி இடம் உண்டு. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு இது வளர்ந்தவர்களின் விளையாட்டாகத் தோன்றலாம். கிட்ட நின்று பார்த்தால், ஒரு பொருள் எங்கே, எப்போது, யாரால் செய்யப்பட்டது, யாருடைய கையில் இருந்தது என்பதைப் பதிந்து வைக்கும் வேலை இது என்பது விளங்கும்.

எப்படிச் செய்கிறார்கள்?

உருக்கிய உலோகத்தை உயர் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் முறைக்கு 'டைகாஸ்ட்' என்று பெயர். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது 'ஸமாக்' எனப்படும் கலப்புலோகம். இதில் பெரும்பகுதி துத்தநாகம். அதனுடன் அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவை சிறிதளவு சேர்க்கப்படும். அமெரிக்காவின் நியூ ஜேர்சி ஸிங்க் நிறுவனம் 1929 இல் இதனை உருவாக்கியது. இரும்பை விட மிகக் குறைந்த வெப்பத்தில், 400 பாகை செல்சியசுக்கும் குறைவாகவே இது உருகுவதால், கதவின் கோடு, முன்பக்கக் கிராதி போன்ற நுணுக்கங்களையும் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான தடவைகள் வார்க்க முடிகிறது. பின்னர் வர்ணம் பூசி, பிளாஸ்டிக் கண்ணாடியும் சக்கரங்களும் பொருத்தி, அடித்தட்டை உடற்பகுதியுடன் தறைந்து விடுவார்கள்.

சலவைத் தொழிலில் இருந்து பொம்மைக்கு

இந்தக் கைத்தொழிலின் அமெரிக்கத் தொடக்கம் சிகாகோ நகரில் உள்ளது. அங்கு டவ்ஸ்ட் சகோதரர்கள் சலவைத் தொழிலுக்கான சஞ்சிகை ஒன்றை நடத்தி வந்தனர். 1893 இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அச்செழுத்துகளை வார்க்கும் இயந்திரத்தைக் கண்டனர். எழுத்தை வார்க்கும் இயந்திரத்தால் பொத்தானையும் வார்க்கலாம் அல்லவா? சட்டைக் கழுத்துப் பட்டிகளுக்கான பொத்தான்களும் சிறு அலங்காரப் பொருட்களும் வந்தன. 1910களில் சிறிய கார்கள் வந்தன. போர்ட் நிறுவனத்தின் 'மொடல் டி' காரும் அவற்றுள் ஒன்று. குடும்பத்துப் பேத்தி ஒருவரின் செல்லப் பெயரில் இருந்து 'டூட்ஸிடோய்' என்ற வணிகப் பெயர் பிறந்தது.

1942 பெப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. உலோகப் பொம்மைகளும் நின்றன. துத்தநாகம் போருக்குத் தேவைப்பட்டது. சொகுசுக் கார் செய்த பக்கார்ட், மேர்லின் விமான இயந்திரங்களை 50,000 இற்கு மேல் செய்தது.

போர் முடிந்த பின்னரும் அதன் சாயல் கார்களில் தங்கியது. 1948 ஆம் ஆண்டுக் கடிலாக்கின் பின்பக்கத்தில் முதன்முதலாக எழுந்த சிறு 'வால் செட்டைகள்', லொக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து உருவாக்கப்பட்டவை. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ளின் குழு செய்த வேலை அது. 1959 ஆம் ஆண்டுக் கடிலாக்கில் அந்தச் செட்டை உச்ச உயரத்தை அடைந்தது. சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் சிற்றுருக்களில் அதுவும் ஒன்று. அழகு என்று கையில் எடுத்துப் பார்க்கும் அந்த வளைவு ஒரு போர் விமானத்தின் வாலில் இருந்து வந்தது.

நெருப்புப்பெட்டியும் ஹொட் வீல்சும்

1947 இல் இலண்டனில் லெஸ்லி ஸ்மித்தும் ரொட்னி ஸ்மித்தும் லெஸ்னி நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுடன் ஜாக் ஓடெல் இணைந்தார். நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஓடெல்லின் மகள் படித்த பாடசாலையில் ஒரு விதி இருந்தது. அவர் மகளுக்காக ஒரு சிறிய வீதி உருளையைச் செய்து கொடுத்தார். அதில் இருந்தே 1953 இல் 'மச்பொக்ஸ்' வரிசை பிறந்தது. பின்னர் அதில் கடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷல், போர்ட் தண்டர்பேர்ட், செவ்ரோலே இம்பாலா போன்ற அமெரிக்கக் கார்களும் இடம்பிடித்தன.

1968 இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் 16 கார்களுடன் 'ஹொட் வீல்ஸ்' வரிசையை அறிமுகப்படுத்தியது. கமாரோ, மஸ்டாங், பயர்பேர்ட், கொர்வெட் ஆகியவை அதில் இருந்தன. அப்போது வீதியில் ஓடிய கார்களே மினுங்கும் வர்ணத்துடன், தட்டிவிட்டால் வேகமாக ஓடும் சக்கரங்களுடன் பிள்ளைகளின் கைக்கு வந்தன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மச்பொக்ஸ் 1969 இல் 'சூப்பர்பாஸ்ட்' சக்கரங்களுக்கு மாற வேண்டியதாயிற்று. 1982 இல் லெஸ்னி முறிவடைந்தது. பல கைகள் மாறிய மச்பொக்ஸ் 1997 இல் மட்டெல்லிடமே வந்து சேர்ந்தது.

அளவுகளைப் புரிந்துகொள்ளல்

1:64 என்றால் உண்மையான காரின் 64 இல் ஒரு பங்கு நீளம் என்று பொருள். சுமார் 5.7 மீற்றர் நீளமான 1959 கடிலாக்கை எடுத்துக்கொண்டால், 1:18 அளவில் அது ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் இருக்கும். 1:24 இல் 24, 1:43 இல் 13, 1:64 இல் 9 சென்ரிமீற்றர்.

1:43 என்ற அளவு பொம்மை ரயில்களுக்கு அருகே வைக்கச் செய்த கார்களில் இருந்து வந்தது. 1:18 அளவில் கதவு, முன்மூடி எல்லாம் திறக்கும், ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். இடமும் பணமும் குறைந்தவர்கள் பெரும்பாலும் 1:64 இல் தொடங்குவர். மச்பொக்ஸ், ஹொட் வீல்ஸ் கார்கள் சரியாக 1:64 என்று நம்பிவிட வேண்டாம். பெட்டிக்குள் அடங்குவதற்காகப் பெரிய கார்களைச் சற்றுச் சுருக்கியே செய்திருப்பார்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். நிறுவனம், காரின் பெயர், செய்த நாடு ஆகியவை அங்கே இருக்கும். அங்குள்ள ஆண்டை உற்பத்தி ஆண்டு என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் விடும் பெரிய பிழை. அது பெரும்பாலும் அந்த வடிவத்துக்கான உரிமை பதிவான ஆண்டு. அதே அச்சில் பல வருடங்களுக்குப் பின்னரும் கார்கள் வார்க்கப்படும்.

காலத்தைக் கணிக்கச் சக்கரங்கள் உதவும். 1968 முதல் 1977 வரையான ஹொட் வீல்ஸ் சக்கரங்களில் சிவப்புக் கோடு உண்டு. பழைய மச்பொக்ஸ் கார்கள் உலோகச் சக்கரத்தில் இருந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக்குக்கும், பின்னர் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கும் மாறின. ஆனாலும் அடித்தட்டின் தறைகளில் துளையிட்ட அடையாளம் இருந்தால், கார் கழற்றப்பட்டு மீளப் பூசப்பட்டிருக்கலாம். பழைய பெட்டிகளின் புதிய நகல்களும் விற்பனையில் உள்ளன. மீளப் பூசுவது குற்றமல்ல. அதை மறைத்து விற்பதே குற்றம்.

உள்ளிருந்து வரும் நோய்

சேகரிப்பாளர்கள் அதிகம் அஞ்சுவது துருவுக்கு அல்ல, 'துத்தநாக நோய்' என்று சொல்லப்படும் ஒன்றுக்கே. வார்க்கும்போது கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கிடையே மெல்ல அரிப்புத் தொடங்கும். பல வருடங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு உடல் வீங்கும், வெடிப்பு விழும், கடைசியில் கையில் உதிரும். போருக்கு முந்திய டிங்கி கார்கள் பல இப்படியே அழிந்தன. இதற்கு மருந்து இல்லை. ஈரமும் வெப்பமும் இதனை விரைவாக்கும் என்பதால் உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது. எங்களுடைய காலநிலையில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பைகளைப் போட்டு, மாரி காலத்தில் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

கீறல் யாருடையது?

பெட்டி பிரிக்காத கார் அதிக விலை போகும். இது சந்தையின் கணக்கு. பிள்ளை ஒன்று வாசற்படியில் ஓட்டிய கார் வர்ணம் உதிர்ந்து, அச்சு வளைந்து இருக்கும். அதற்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. அப்படியிருந்தும் அனுபவமுள்ள சேகரிப்பாளர் பலர் தங்கள் தட்டில் இப்படியான ஒன்றையாவது வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது அவர்களுடைய சொந்தப் பிள்ளைக்காலத்துக் கார்.

அந்தக் கார்கள் வந்த நகரமும் இப்போது பழைய நகரம் அல்ல. 1950 இல் டிட்ரொயிட்டில் சுமார் 18.5 இலட்சம் பேர் வாழ்ந்தனர். 2010 இல் அது 7.14 இலட்சமாகக் குறைந்தது. 2013 இல் மாநகரமே முறிவு அறிவித்தது. பக்கார்ட் உற்பத்தி 1956 இல் டிட்ரொயிட்டில் முடிந்தது. அதன் பழைய தொழிற்சாலை பல தசாப்தங்கள் இடிபாடாகவே நின்றது. ஹட்சன், ஸ்டுடிபேக்கர் ஆகியனவும் போய்விட்டன. இவற்றின் சிற்றுருவை வாங்குபவர் ஒரு காரை மட்டுமல்ல, அது எந்தத் தெருவில், எந்தத் தொழிலாளர் கையால் உருவானது என்ற செய்தியையும் சேர்த்தே வைத்திருக்கிறார். செய்தி போய்விட்டால் மிஞ்சுவது நிறம் பூசிய துத்தநாகம் மட்டுமே.

இதனாலேயே அனுபவசாலிகள் புதியவருக்குச் சொல்லும் முதல் அறிவுரை ஒரு கொப்பி வாங்கு என்பதாகும். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது, முன்னர் யாருடையது என்று ஒவ்வொரு காருக்கும் நான்கு வரி எழுத வேண்டும். எல்லாவற்றையும் வாங்க முயலாமல் ஒரு பத்தாண்டையோ, ஒரு நிறுவனத்தையோ தெரிந்துகொண்டு தொடங்குவது கைக்கும் பைக்கும் நல்லது.

இடம்பெயர்ந்து வந்த எங்களில் பலரிடம் பிள்ளைக்காலப் பொருள் ஒன்றுகூட இல்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை அமெரிக்கக் கார்களும் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும்தான் எங்களுக்குத் தெரிந்த பழைய கார்கள். பிரித்தானியாவின் கோர்கி நிறுவனம் 1956 இல் வெளியிட்ட முதல் வரிசையில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் இருந்தது. மச்பொக்சும் அதனைச் செய்தது. எங்கேயாவது அப்படியொன்று கண்ணில் பட்டால் வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் ஊரில் அந்தக் காரை யார் ஓட்டினார், யாரை ஏற்றிச் சென்றது, கடைசியில் எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதற்குப் பொம்மைகூடத் தேவையில்லை.