கோபுரமில்லாத அஞ்சலகம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு கட்டட மரபு

இந்திய அஞ்சலகங்களின் கட்டடக் கலையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மூன்று துறைமுக நகரங்களைத் தாண்டுவதில்லை. வால்டர் கிரான்வில் வடிவமைத்து 1868இல் திறக்கப்பட்ட கல்கத்தாவின் குவிமாடக் கட்டடம், ராபர்ட் சிசம் சென்னைக் கடற்கரைச் சாலையில் எழுப்பி 1884இல் பயன்பாட்டுக்கு வந்த இந்தோ-சாரசெனிக் மாளிகை, பிஜப்பூர் கோல்கும்பாஸை நினைவூட்டும்படி ஜான் பெக் வரைந்து 1913இல் முடிந்த பம்பாய் அஞ்சலகம் ஆகியவைதான் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. இந்த அளவுகோலோடு அருப்புக்கோட்டைக்கோ திருச்சுழிக்கோ வந்தால் அளக்க எதுவும் கிடைக்காது. அதனால் இந்தக் கரிசல் பூமிக்கு அஞ்சலக மரபே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே அஞ்சல் கட்டடத்தின் வரலாற்றை முகப்பில் தேடிப் பயனில்லை. தபால் வந்த பாதையிலும், கவுன்ட்டரிலும், அந்தக் கவுன்ட்டர் எந்தத் தெருவில் இருந்தது என்பதிலும் அது பதிந்திருக்கிறது.

பாதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டவை. 1803இல் நிலையான வரி ஏற்பாட்டுக்குள் வந்த ஜமீன் அது. 1854ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் தூரக் கணக்கை ஒழித்து எடைக் கணக்கைக் கொண்டுவந்தது. அரையணா ஒட்டினால் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் போகும் என்றானது. ஆனால் சிற்றூர்களை எட்டியது ‘மாவட்ட டாக்’ என்ற தனி ஏற்பாடு. காவல் நிலையத்துக்கும் அரசுக் கச்சேரிக்கும் இடையே அரசுக் கடிதம் சுமப்பதுதான் அதன் முதல் வேலை. குடிமக்களின் கடிதம் அதோடு ஒட்டிக்கொண்டு போனது. ஆகவே கச்சேரியும் நீதிமன்றமும் இருந்த ஊருக்கே தபால் முதலில் வந்து சேர்ந்தது. 1879இல் ரமண மகரிஷி பிறந்தபோது அவருடைய தந்தை சுந்தரமய்யர் திருச்சுழியில் வழக்காடிப் பிழைத்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வக்கீல் தொழில் நடக்கும் ஊருக்குக் கடிதப் போக்குவரத்து இல்லாமல் முடியாது.

1876இல் மதுரை-தூத்துக்குடி ரயில் ஓடத் தொடங்கியதும் பாதையின் திசையே மாறியது. ஜமீனின் தலைநகரம் கிழக்கே இருக்க, தபால் மேற்கே விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், வந்து இறங்கியது. அங்கிருந்து அருப்புக்கோட்டைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் சாலை. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்ததோ 1960களில்தான். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் இந்த ஊரின் தபால் பை சாலையை நம்பியிருந்தது. 1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது இராமநாதபுரம் 623 ஆனது. அருப்புக்கோட்டை 626101 ஆகி விருதுநகரோடு சேர்ந்தது. விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிய அப்போது இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. வருவாய்த் துறையின் வரைபடத்துக்கு முன்பே தபால் பை ஊரின் இணைப்பைத் தீர்மானித்துவிட்டது என்று சொன்னால் அது மிகையல்ல.

இனிக் கட்டடத்துக்குள் போவோம். கடிதம் மட்டும் கையாளும் அலுவலகத்துக்கு ஒரு மேசையும் ஒரு பூட்டுப் பெட்டியும் போதும். 1877இல் வி.பி.பி. (பணம் கட்டிப் பெறும் தபால்), 1880இல் மணியார்டர், 1882இல் அஞ்சல் சேமிப்பு வங்கி என்று அடுத்தடுத்து வந்தபிறகு அது போதவில்லை. பணம் புழங்கும் இடத்துக்குக் கம்பி வலை வேண்டும், இரும்புப் பெட்டி பதிக்க உறுதியான சுவர் வேண்டும். நாடு முழுவதும் துணை அஞ்சலகங்களில் காணக் கிடைக்கும் அமைப்பு இப்படித்தான் உருவானது: தெருவை ஒட்டி ஒரு தாழ்வாரம், மார்பளவு உயர்ந்த மரக் கவுன்ட்டர், அதன்மேல் கம்பி வலை, வலையில் ஒரு கை மட்டும் நுழையும் திறப்பு, பின்னால் தபால் பிரிக்கும் அறைப்பெட்டி, முத்திரை குத்தும் மேசை, அரக்கு உருக்கும் மூலை. தாழ்வாரம் அழகுக்காக வைத்ததன்று. வெயிலில் காத்திருக்க முடியாத ஊரில், மணியார்டர் வருமா என்று பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த இடம் அது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் ஆள் அனுப்பிய வறண்ட சீமை இராமநாதபுரம். மழை பொய்த்த ஆண்டில் இந்தத் திறப்பு வழியாக வந்த ரூபாய்க்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னாளில் முதியோர் உதவித்தொகையும் மணியார்டராகவே வந்தது.

இதற்கெல்லாம் எழக்கூடிய முதல் மறுப்பு இது: இவை துறையின் பொது வரைபடங்கள், எங்கும் ஒன்றுபோல இருப்பதை ஒரு வட்டாரத்தின் மரபு என்று எப்படிச் சொல்வது? பொதுவான அமைப்பு என்பது உண்மை. ஆனால் துறை வரைபடமே போடாத இடம்தான் இங்கே அதிகம். துணை அஞ்சலகங்கள் பல வாடகைக் கட்டடங்களில் நடந்தன. கிளை அஞ்சலகத்துக்கோ, நியமிக்கப்படுபவரே இடம் தர வேண்டும் என்பது விதி. இன்றைய கிராம அஞ்சல் ஊழியர் விதிகளிலும் அது தொடர்கிறது. ஆகவே கிராமத்து அஞ்சலகம் என்பது நடைமுறையில் போஸ்ட்மாஸ்டர் வீட்டுத் திண்ணைதான். உள்ளூர் கொத்தனார் கட்டிய வீடு, உள்ளூர்ச் சுண்ணாம்பு, உள்ளூர் ஓடு. அரசின் சின்னங்கள் ஒரு சிவப்புப் பெட்டியும், ஒரு தேதி முத்திரையும், ஒரு தராசும் மட்டுமே.

இரண்டாவது மறுப்பு கனமானது. இது மரபல்ல, அரசின் சிக்கனம். வாடகை மிச்சம் பிடித்ததைக் கலை என்று கொண்டாடலாமா என்று கேட்கலாம். சிக்கனம்தான், மறுக்க வழியில்லை. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் இக்கட்டடத்தின் முழு வரலாறும் தெரியவரும். அஞ்சலகம் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீடு இருக்கும் தெருவில் நடக்க உரிமை இல்லாதவர் கடிதம் போடுவது எப்படி? 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் இந்தக் கேள்விக்கு நேர்ச் சான்று. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றோடு அரசு அலுவலக வளாகங்களிலும் ஒடுக்கப்பட்டோர் நுழையத் தடையில்லை என்று அது அறிவிக்கச் செய்தது. தடை இல்லாத இடத்தில் அப்படி ஒரு தீர்மானத்துக்குத் தேவையே இருந்திருக்காது. கவுன்ட்டர் எவ்வளவு உயரம் என்பதைவிட, அதை அடைய எத்தனை தெருக்களைக் கடக்க வேண்டியிருந்தது என்பது முக்கியமான அளவு. சென்னை மாளிகையின் கோபுரங்கள் இதைச் சொல்லாது. திண்ணை அஞ்சலகம் சொல்லும். கொண்டாட்டம் என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தாததற்கும் அதுவே காரணம்.

பழைய அஞ்சலகக் கட்டடங்களின் பாதுகாப்பு என்ற பேச்சு எழும்போது இலங்கையின் நுவரெலியா உதாரணம் உடனே வரும். 1894இல் டியூடர் பாணியில் எழுந்த அந்தச் செங்கல் அஞ்சலகத்தை ஓட்டலுக்குத் தரும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கண்ணைப் பறிக்கும் கட்டடத்துக்கு வாதாட ஆள் கிடைக்கும். வாடகை வீட்டு அஞ்சலகமோ ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த தெருவுக்குப் போய்விடும். இடிக்க எதுவும் இல்லாததால் எதிர்க்கவும் எதுவும் இல்லை. எனவே இங்கே சுவரைக் காப்பாற்றுவது என்ற வழி பொருந்தாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அஞ்சலகம் இருந்த ஒவ்வொரு வீட்டையும் தெருவோடு சேர்த்து வரைபடத்தில் குறிப்பதும், பழைய கவுன்ட்டர், அறைப்பெட்டி, தேதி முத்திரை ஆகியவற்றை அளவெடுத்துப் பதிவதும்தான் செய்யக்கூடியது. தந்தி 2013 ஜூலையில் நின்றது. 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்ட்டரின் பழைய பிரிவுகளுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த முறை வாடகை வீடு மாறும்போது அந்த மரச்சாமான்கள் ஏலத்துக்குப் போகும் வாய்ப்பே அதிகம்.