சதுரகிரி ஏறும் வழி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை எண்ணி வாழும் பூமி. கரிசல் மண்ணும் கண்மாய்களும், ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் குண்டாறுமே அதன் உடைமை. ஆயினும் சுந்தரர் பாடிய திருச்சுழியில், பெருவெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் புகச் செய்தார் என்று தலபுராணம் கூறுகிறது. வறண்ட நாட்டுக்கு வெள்ளக் கதை எங்ஙனம் வந்தது? விடையை மேற்கே தேடலாம். குண்டாறு பிறப்பது வருசநாட்டு மலைகளின் கிழக்குச் சரிவில். உள்ளூரில் ஒரு துளியும் விழாத நாளில்கூட மலைமழை ஆற்றில் வெள்ளமாய் வரக்கூடும். அந்த மலைத்தொடரில்தான் சதுரகிரி நிற்கிறது.

வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கர் கோயிலுக்கு ஏறுவோர் பலர். சாப்டூர்ப் பக்கமிருந்து ஏறுவோரும் உண்டு. நான்கு வேதங்களும் நான்கு மலைகளாய் நின்றமையால் சதுரகிரி என்பர். அகத்தியர், போகர், கோரக்கர் முதலிய சித்தர்கள் வாழ்ந்த இடம் என்பதும் மரபு. இவற்றுக்கெல்லாம் கல்வெட்டுச் சான்று கேட்பதில் பயனில்லை. நமக்குக் கிடைக்கும் சான்று வேறு. அது வழியிலுள்ள இடங்களின் பெயர்கள்.

குதிரை ஊற்று, அத்தி ஊற்று, நாவல் ஊற்று என்று தங்குமிடங்கள் பலவும் நீரால் பெயர் பெற்றவை. அத்தியும் நாவலும் நீர்ப்பாங்கான இடத்தில் தழைக்கும் மரங்கள். தாகமுற்றவன் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பவை. அப்பால் பெரிய பசுக்கிடை என்று ஓர் இடம். அடர்ந்த காட்டினுள் பசுக்கிடை ஏன்? கீழ்நாட்டில் புல் கருகியபோது மந்தையை மலைக்கு ஓட்டிச் செல்வது இப்பக்கத்தார் வழக்கம். அங்ஙனம் மேய்ந்து பழகிய இனத்தையே மலைமாடு என்கிறோம். கோயிலின் கதையும் இதற்கு ஒத்தே நிற்கிறது. பச்சைமால் என்னும் ஆயனின் பசு நாள்தோறும் பால் குறைந்து வந்தது. ஒரு நாள் அவன் பின்தொடர்ந்து சென்று, பால் அருந்திய துறவியைக் கோலால் அடித்தான். துறவியே இறைவன். சாய்ந்து காணப்படும் லிங்கத்துக்கு இன்றும் இக்கதையையே காரணமாகச் சொல்கின்றனர்.

ஆகவே, இப்பாதையை முதலில் வகுத்தவர் மாடு மேய்த்தவரே என்று நான் கருதுகிறேன். மலையின் பழங்குடியினரான பளியர் அவர்களுக்கும் முன்பே ஊற்றுகளை அறிந்திருப்பர். சித்தரைத் தேடியவர்கள் பின்னர் வந்திருத்தல் வேண்டும்.

பெருங்கூட்டம் ஏறுவது ஆடி அமாவாசைக்கு. ஆடியில் சமவெளிக்குக் கிடைப்பது காற்று மட்டுமே. தென்மேற்கு மேகம் மலையோடு நின்றுவிடும். வானம் பார்த்த உழவன் மேகம் தங்கும் இடத்துக்கே சென்று வணங்குவதில் வியப்பில்லை.

அந்த நீரே அஞ்சத்தக்கதும் ஆகும். 2015 மே மாதத்தில் ஓடையில் திடீர் வெள்ளம் பாய்ந்து பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் பல ஆண்டுகள், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டுமே ஏற அனுமதி இருந்தது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமான காடு, 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. 2022இல் உயர் நீதிமன்றம் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. காடு பிழைத்தாலன்றிக் குண்டாற்றுக்கு நீரில்லை என்பதால் தடையை எளிதில் குறைகூற இயலாது. எனினும் பச்சைமால் இன்று வந்தால் பக்தனாக மலையேறலாம். பசுவை மட்டும் அடிவாரத்தில் விட்டுவிட்டுத்தான் செல்ல வேண்டும்.