லாபநோக்கற்ற வேளாண் ஆய்வுக்கு அரசு நல்கை (இந்தியா)

பயிர், மண், கால்நடை, பாசனம் முதலிய துறைகளில் ஆராய்ச்சி செய்யும் பதிவுபெற்ற சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அரசு திருப்பிக் கேட்காமல் தரும் பணமே இங்கு நல்கை எனப்படுகிறது. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து, கணக்கை ஒப்படைத்து, கண்டறிந்ததை உழவர்களுக்கும் பிற ஆய்வாளர்களுக்கும் கொண்டுசேர்ப்பது பெறுபவரின் கடமை. இந்தியாவில் வேளாண் ஆய்வுக்கான அரசுப் பணத்தின் பெரும்பகுதி அரசின் சொந்த ஆய்வு நிலையங்களுக்கும் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் போகிறது. வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்கு 2024-25 வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது ரூ.9,941 கோடி. சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இதில் கிடைப்பது சிறு பங்குதான்.

அந்தச் சிறு பங்கும் பெரும்பாலும் தனியார் நுழையத் தயங்கும் இடங்களுக்கே செல்கிறது. கோதுமை, சோயா, நெல் போன்ற தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் உழவர் ஒருமுறை வாங்கிய விதையைப் பல போகங்களுக்கு எடுத்துவைத்துக்கொள்ள முடியும். ஆண்டுதோறும் விதை விற்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் உள்ள நிறுவனத்துக்கு இதில் ஆதாயம் குறைவு. மானாவாரிச் சிறுதானியம், மலைக்கிராம நெல் ரகங்கள், நாட்டு மாடுகள் ஆகியவற்றின் நிலையும் இதுவே. இவற்றில் ஆய்வு நடக்க வேண்டுமானால் பொதுப்பணம் வந்தே ஆக வேண்டும்.

வரலாறு

இந்தியாவின் முதல் பெரிய வேளாண் ஆய்வு நிலையத்துக்கான முதல் பணம் ஒரு தனியாரின் கொடை. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் அளித்த 30,000 பவுண்டில் பெரும்பகுதியைக் கொண்டு, 1905-இல் பீகாரின் பூசாவில் ஆய்வு நிலையம் தொடங்கியது. பின்னாளில் டெல்லிக்கு இடம்பெயர்ந்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

ஆய்வுக்கு அரசு முறையாக நல்கை வழங்க ஓர் அமைப்பு வேண்டும் என்று லின்லித்கோ தலைமையிலான அரச ஆணையம் 1928-இல் பரிந்துரைத்தது. அதன்படி 1929 ஜூலை 16 அன்று தொடங்கப்பட்டதுதான் இன்று ஐ.சி.ஏ.ஆர். என்ற பெயரில் அறியப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். சட்டத்தின் கண்ணில் ஐ.சி.ஏ.ஆரும் ஒரு சங்கம்தான். 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. நாட்டின் மிகப்பெரிய வேளாண் ஆய்வு அமைப்பு, ஊர் நூலகச் சங்கம் பதிவாகும் அதே சட்டத்தில் பதிவாகி, இன்றும் அரசின் நல்கையில் இயங்குகிறது.

ஐ.சி.ஏ.ஆருக்கு நிலையான வருவாய் வேண்டும் என்பதற்காக 1940-இல் வேளாண் விளைபொருள் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் குறிப்பிட்ட விளைபொருள்களின் மதிப்பில் அரை விழுக்காடு தீர்வையாக வசூலிக்கப்பட்டு ஆய்வுக்குச் சென்றது. அந்த நிதியிலிருந்து ஐ.சி.ஏ.ஆர். தன் நிலையங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் குறுகியகாலத் திட்டங்கள் வழங்கிவந்தது. 2006-இல் பல தீர்வைச் சட்டங்களோடு இதுவும் நீக்கப்பட்டது. விளைச்சலில் இருந்தே ஆய்வுக்குப் பணம் எடுக்கும் ஏற்பாடு அத்தோடு முடிந்தது. சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

1998-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தேசிய வேளாண் தொழில்நுட்பத் திட்டம், போட்டி அடிப்படையில் நல்கை தரும் முறையைப் பரவலாக்கியது. அதைத் தொடர்ந்து 2006 முதல் 2014 வரை நடந்த தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தில் பல்கலைக்கழகங்கள், தனியார், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை கூட்டாக விண்ணப்பித்துப் பணிசெய்தன.

பெறும் நிறுவனங்கள்

நல்கையின் பலனைக் காட்டும் தெளிவான எடுத்துக்காட்டு புனேயில் இருக்கிறது. தாவரவியலாளர் எஸ்.பி. அகார்க்கர் முன்னின்று 1946-இல் தொடங்கிய மகாராஷ்டிர அறிவியல் வளர்ப்புச் சங்கம் நடத்தும் ஆய்வு நிலையம் இப்போது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அதற்குத் தொடர் நல்கை தருகிறது, ஐ.சி.ஏ.ஆரின் அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டங்களில் கோதுமைக்கும் சோயாவுக்குமான மையங்களும் அங்கு உள்ளன. பாராமதி அருகே ஹோல் கிராமத்தில் அதற்கென்று சோதனைப் பண்ணை உண்டு. அங்கு உருவாகும் ரகங்களுக்குச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கமான எம்.ஏ.சி.எஸ். என்பதே முன்னொட்டு.

எம்.ஏ.சி.எஸ். 6478 அவற்றில் ஒன்று. 110 நாளில் அறுவடைக்கு வரும் ரொட்டிக் கோதுமை. சதாரா மாவட்டத்தின் கரஞ்ச்கோப் கிராமத்தில் எக்டருக்கு 25 முதல் 30 குவிண்டால் எடுத்துவந்த உழவர்கள், இந்த ரகத்துக்கு மாறிய பின் 45 முதல் 60 குவிண்டால் எடுத்ததாக 2021-இல் அரசு அறிவித்தது. சான்று விதையைப் பெருக்கும் பொறுப்பை மகாராஷ்டிர அரசின் விதைக் கழகமான மகாபீஜ் ஏற்றது. சங்கம் ஆய்வு செய்ய, மத்திய அரசு பணம் தர, மாநில நிறுவனம் விதையைப் பெருக்க, கடைசியில் உழவர் கையில் சேர்ந்தது. இந்தக் கண்ணிகளில் ஒன்று விட்டுப்போனாலும் ரகம் ஆய்வறிக்கையோடு நின்றுவிடும். 1946-இல் தொடங்கிய சங்கம் இப்படித் தொடர்ந்து பயிர் ரகங்களைத் தர முடிவதற்குக் காரணம், அதற்குக் கிடைப்பது மூன்றாண்டுத் திட்டப்பணம் மட்டுமாக இல்லாமல் சம்பளத்தையும் பண்ணையையும் தாங்கும் அடிப்படை நல்கையாகவும் இருப்பதுதான். ஒரு கோதுமை ரகத்தைக் கலப்பிலிருந்து வெளியீடு வரை கொண்டுவரப் பத்தாண்டு வரை ஆகும். இடையில் பணம் நின்றால் விதைத் தொகுப்பைப் புதுப்பிக்கவே ஆளிருக்காது.

தொண்டு நிறுவனங்களில் மூத்தவற்றுள் ஒன்று பாய்ஃப். காந்தியின் சீடரான மணிபாய் தேசாய் 1967-இல் உருளிகாஞ்சனில் தொடங்கியது. உறைவிந்து மூலம் கலப்பின மாடுகளை உருவாக்கி, சினை ஊசி போடும் வேலையை உழவர் வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது.

சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988-இல் தொடங்கியது. 1987-இல் சுவாமிநாதனுக்குக் கிடைத்த முதல் உலக உணவுப் பரிசின் தொகையே அதற்கு விதைப்பணம். பிச்சாவரம் போன்ற கடலோரக் காடுகளில் வளரும் வெண்கண்டலில் உப்பைத் தாங்கும் மரபணுக்களை இனங்கண்டு நெல்லில் புகுத்தும் அதன் ஆய்வுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நல்கை தந்தது. ஆய்வு முடிவுகள் காப்புரிமை வரை சென்றன. உழவர் வாங்கும் விதையாக இன்னும் வரவில்லை. மரபணு மாற்றப் பயிருக்கான ஒழுங்குமுறைப் படிகள் ஆய்வுத் திட்டத்தின் ஆயுளைவிட நீளமானவை. அந்தப் படிகளைக் கடக்கும் செலவு ஆய்வு நல்கையில் அடங்குவதில்லை. கொல்லிமலை, வயநாடு, கோராபுட் ஆகிய இடங்களில் இதே நிறுவனம் சிறுதானியம் முதலிய பயிர்களில் நடத்திய பணிக்குக் கனடா அரசின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையமும் உதவியது.

தேயிலைக்குத் தனி வழி. அசாமின் டோக்லாய் நிலையத்தை நடத்தும் தேயிலை ஆராய்ச்சிச் சங்கமும், நீலகிரியின் தேவர்சோலையில் 1926-இல் தொடங்கி இப்போது வால்பாறைப் பகுதியில் இயங்கும் உபாசி ஆராய்ச்சி நிலையமும் தோட்ட உரிமையாளர்களின் சந்தாவோடு தேயிலை வாரியத்தின் நல்கையையும் பெற்றுவருகின்றன.

வேளாண் அறிவியல் நிலையங்கள்

லாபநோக்கற்ற நிறுவனங்கள் ஐ.சி.ஏ.ஆர். பணத்தை அதிகம் காணும் இடம் வேளாண் அறிவியல் நிலையங்கள். மோகன் சிங் மேத்தா குழுவின் பரிந்துரைப்படி முதல் நிலையம் 1974-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் 700-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 100 நிலையங்களைத் தொண்டு நிறுவனங்களே நடத்துகின்றன. தமிழ்நாட்டில் கோபிசெட்டிபாளையத்தில் மைராடா, காரமடையில் அவினாசிலிங்கம், தேனி காமாட்சிபுரத்தில் சென்டெக்ட், குன்னூரில் உபாசி, பெரம்பலூரில் ஹேன்ஸ் ரோவர் ஆகியவை அப்படிப்பட்டவை. ஐதராபாத்தில் உள்ள மண்டல அலுவலகம் இவற்றின் நிதியையும் ஆண்டுச் செயல்திட்டத்தையும் கவனிக்கிறது.

ஒரு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 16: தலைவர் ஒருவர், பாட வல்லுநர்கள் ஆறு பேர், திட்ட உதவியாளர்கள், பண்ணை மேலாளர், அலுவலக ஊழியர், ஓட்டுநர்கள் எனப் பிரியும். நிலம் நடத்தும் நிறுவனத்தினுடையது, சம்பளமும் செயல்பாட்டுச் செலவும் ஐ.சி.ஏ.ஆருடையது. பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகத்தை உழவர் வயலிலேயே வயல்வெளி ஆய்வாகச் சோதிப்பது, தேறியதை முதல்நிலை செயல்விளக்கத் திடலாக ஊருக்குக் காட்டுவது, மண் மாதிரி பார்ப்பது, விதையும் நாற்றும் தருவது ஆகியவை அன்றாட வேலை. ஓர் ஊரின் மண்ணையும் மழையையும் ஆட்களையும் தெரிந்த நிறுவனம் இதைச் செய்யும்போது சோதனைக்கு நிலம் தர உழவர் தயங்குவதில்லை.

ஆனால் தொண்டு நிறுவன நிலையத்தில் வேலை செய்பவர் பல்கலைக்கழக நிலையத்தில் இருப்பவருக்கு நிகராக நடத்தப்படுவதில்லை என்பது நீண்ட நாள் குறை. பணிக்கொடை, ஓய்வூதியம், பதவி உயர்வு ஆகியவற்றை ஏற்க வேண்டியது ஐ.சி.ஏ.ஆரா, நடத்தும் நிறுவனமா என்ற கேள்வி நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது. ஒரே வேலைக்கு, ஒரே பணத்தில், இரண்டு விதமான முதுமையை ஏற்படுத்துவது நியாயமில்லை.

நல்கை நடைமுறை

விண்ணப்பிக்கும் நிறுவனம் பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்குகள், நிதி ஆயோக் நடத்தும் தர்ப்பண் தளத்தின் பதிவு எண் ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். அறிவியல் தொழிலக ஆய்வுத் துறை தரும் அறிவியல் ஆய்வு அமைப்பு என்ற அங்கீகாரம் பல துறைகளில் கேட்கப்படுகிறது. 1988-இல் தொடங்கிய அந்த முறை, ஆய்வுக் கருவிகளுக்குச் சுங்கவரிச் சலுகைக்கும் வழிசெய்தது. விண்ணப்பத்தை வல்லுநர்கள் மதிப்பிட்ட பின் அனுமதிக் கடிதம் வரும். அதில் கருவி, ஆள், நுகர்பொருள், பயணம், நிறுவன மேல்செலவு என்று தலைப்புவாரியாகத் தொகை பிரிக்கப்பட்டிருக்கும். இளநிலை ஆய்வு உதவியாளருக்கு 2023 முதல் மாதம் ரூ.37,000 உதவித்தொகையும் அதற்குரிய வாடகைப்படியும் நிர்ணயமாகியுள்ளன.

பணம் தவணையாக வரும். அடுத்த தவணை வேண்டுமானால் முந்தைய ஆண்டுக்கான பயன்பாட்டுச் சான்றிதழை, 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் தர வேண்டும். வங்கியில் கிடந்த தொகைக்கு வந்த வட்டி அரசுக்கே சேரும். நல்கையில் வாங்கிய கருவியை அரசின் இசைவின்றி விற்க முடியாது. ஆண்டில் ரூ.25 லட்சத்துக்குக் குறையாத நல்கை பெற்று, அது மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், தலைமைக் கணக்குத் தணிக்கையர் கணக்கைப் பார்ப்பார். இந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை. மக்கள் பணத்துக்கு மக்கள் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

சிக்கல் நாட்காட்டியில் வருகிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. சம்பா நாற்றங்காலோ ஆகஸ்டில். சான்றிதழ் சரிபார்க்கப்பட்டு இரண்டாம் தவணை ஜனவரியில் வந்தால் அந்தப் போகம் போனதுதான். கூலிக்கும் உரத்துக்கும் வைத்திருந்த தொகையை மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும். அல்லது திருப்பிக் கட்ட வேண்டும். வேதியியல் கூடத்தில் சோதனையை இரண்டு மாதம் தள்ளிப்போடலாம், வயலில் முடியாது. மூன்றாண்டுத் திட்டத்தில் ஒரு போகம் தவறினால் மீதம் இரண்டு போகத் தரவுதான். இரு பருவத் தரவை வைத்து மானாவாரி நிலத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. அரசுப் பல்கலைக்கழகம் வேறு தலைப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். அறக்கட்டளையிடம் அப்படி எடுக்க வேறு பை இருக்காது. முதலில் போவது ஒப்பந்த உதவியாளரின் சம்பளம். பல ஆண்டுகளுக்குச் சேர்த்து அடிப்படை நல்கை தரும் முறை அறிவியல் தொழில்நுட்பத் துறையின் தாரா திட்டத்தில் இருக்கிறது. வேளாண் துறையே அதைப் பின்பற்றியிருக்க வேண்டும்.

அண்மை மாற்றங்கள்

2020-இல் திருத்தப்பட்ட அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டம், வெளிநாட்டு நிதியைப் பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்வதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50-இலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பணத்தைப் பெற்று ஊரூராகச் சிறு பங்காளிகளோடு வயல் ஆய்வு நடத்தும் முறைக்கு இது பெரிய தடையாகியுள்ளது.

2023-இல் இயற்றப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, முன்பிருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தை உள்வாங்கிக்கொண்டது. ஐந்தாண்டுக்கு ரூ.50,000 கோடி என்பது அதன் இலக்கு. இதில் ஏறத்தாழ ரூ.36,000 கோடி அரசுக்கு வெளியே தொழில்துறையிடமும் கொடையாளர்களிடமும் திரட்டப்பட வேண்டும். ஆய்வு நல்கைகளுக்குப் பொருள் சேவை வரி கேட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு அறிவிக்கைகள் போன பின்னணியில், 2024 செப்டம்பரில் கூடிய வரிக்குழு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. அரசு நிறுவனங்களுக்கும், வருமான வரிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட ஆய்வுச் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். அந்தப் பிரிவில் இடம்பெறாத சிறு அறக்கட்டளைகள் இந்த விலக்கின் வரம்புக்குள் வரவில்லை.