படி சொல்லும் கதை

“கால்படி அரிசி கூடப் போட்டு உலை வை, விருந்தாளி வந்திருக்கிறார்.” தஞ்சைப் பக்கத்து வீடுகளில் இப்படி ஒரு குரலைக் கேட்காதவர் இரார். படி என்பது ஓர் அளவுக் கலத்தின் பெயர். ஆனால், “நமக்குப் படியளப்பவர்” என்னும்போது அது பிழைப்பையே குறிக்கிறது. அரசு ஊழியரின் அகவிலைப்படியிலும் பயணப்படியிலும் இச்சொல் இன்றும் வாழ்கிறது. அளவின் பெயர் வாழ்வின் பெயரானது எப்படி?

காவிரிப் பாசனப் பகுதியில் நெல்லே நெடுங்காலம் பணமாக இருந்தது. கூலி, குத்தகை, கோயில் பணியாளர் ஊதியம் யாவும் நெல்லாகவே அளக்கப்பட்டன. பழைய வாய்பாட்டில் 8 நாழி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது ‘ராஜகேசரி’ மரக்காலுக்குச் சமம் என்றும் கூறுகின்றன. அளவுக்கு ஏன் பெயர் சூட்ட வேண்டும்? எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால், எவ்வளவு நெல் என்பதே உறுதியாகாது அன்றோ!

இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. ஒரு லிட்டர் கொள்ளும் இரு உருளைக் கலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வாய் 10 செ.மீ. அகலம், மற்றதன் வாய் 14 செ.மீ. தலைதட்டி அளந்தால் இரண்டும் ஒன்றே. குவித்து அளந்தால்? நெல் ஏறத்தாழ 35 பாகைச் சரிவில் கூம்பாக நிற்கும். குறுகிய வாயின் மேல் நிற்கும் குவியல் சுமார் 90 கன செ.மீ.; அகன்ற வாயின் மேல் சுமார் 250! வாயின் அகலம் இரு மடங்கானால் குவியல் எட்டு மடங்காகும். போதாக்குறைக்கு, கலத்தைக் குலுக்கினால் மணிகள் நெருங்கி, இன்னும் கொஞ்சம் நெல் உள்ளே போகும். ஆகவே குத்தகையை ஒரு கலத்தாலும் கூலியை வேறொரு கலத்தாலும் அளப்பவர், எண்ணிக்கையில் பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும்.

உழைத்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1940-களில் தஞ்சை விவசாயத் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளுள், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. 1952-இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் கூலிப் பூசல் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். வயிற்றுக்கு இன்னும் கொஞ்சம் நெல் என்பதே அவர்கள் கேட்டது.

1956-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை வந்தது. இன்று கொள்முதல் நிலையங்களில் நெல்லை நிறுக்கிறார்கள். நிறுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஈரமும் எடையே! அதனால்தான் ஈரப்பதத்துக்கு 17 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தும்படி உழவர்கள் கேட்பதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய படி ஒன்று கிடக்கலாம். எடுத்துத் துடைத்து, அதில் எத்தனை மில்லி லிட்டர் தண்ணீர் கொள்கிறது என்று அளந்து பாருங்கள். பிறகு அரிசியைக் குவித்து ஒருமுறையும் தலைதட்டி ஒருமுறையும் நிறுத்துப் பாருங்கள். அந்த வேறுபாடு நமக்கு ஒரு கைப்பிடி அரிசி. அன்று கூலி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பிய தாய்க்கோ, அது ஒரு பிள்ளையின் இராச்சோறு.