குடும்பவழிக் கொலஸ்திரோல் மிகையும் நாடிநோய் ஆராய்ச்சியும்

1913இல் உருசிய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி, அவற்றின் நாடிச் சுவர்களிலே கொழுப்புப் படிவுகளை உண்டாக்கிக் காட்டினார். அதன் பின்னர் நாடிநோய்க்கு உணவே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆயின் 1938இல் நோர்வே மருத்துவர் காள் முல்லர் கண்டது வேறு. தசைநாண்களில் மஞ்சட் கொழுப்புக் கட்டிகள், குருதியில் மிகையான கொலஸ்திரோல், இளவயதில் நெஞ்சுவலி ஆகியன சில குடும்பங்களில் தலைமுறைதோறும் ஒருங்கே தோன்றின.

1964இல் பெய்ரூத்தில் கச்சதூரியன் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து, இந்நோயின் இரு நிலைகளை வேறுபடுத்தினார். பழுதுற்ற பரம்பரையலகைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றவருக்குக் கொலஸ்திரோல் ஏறத்தாழ இருமடங்காகும். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ அது ஆறு மடங்குக்கு மேலும் உயரலாம். முன்னவரை நடுவயதில் தாக்கும் மாரடைப்பு இக்குழந்தையைப் பள்ளிப்பருவத்திலேயே தாக்கக்கூடும். முதல் நிலையினர் அரியர் அல்லர். ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் என இன்று மதிப்பிடுகின்றனர்.

காரணத்தைக் கண்டவர்கள் டலஸ் நகரிலே பணியாற்றிய பிறவுணும் கோல்ட்ஸ்ரைனும் ஆவர். இத்தகைய நோயாளரின் தோற்கலங்களை வளர்த்து ஆராய்ந்த அவர்கள், குருதியிலுள்ள கொலஸ்திரோலைக் கலத்தினுள் ஈர்க்கும் வாங்கி அவற்றில் தொழிற்படவில்லை என்பதை 1974இல் வெளியிட்டனர். உள்ளே புக இயலாத கொலஸ்திரோல் குருதியிலே தேங்கி நாடிச் சுவரிற் படிகின்றது. 1985இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இதனிடையே யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, பூஞ்சணமொன்றிலிருந்து பெற்ற பொருளொன்று கொலஸ்திரோல் ஆக்கத்தைத் தடுப்பதை 1976இல் அறிவித்திருந்தார். ஆக்கம் குறைந்த ஈரல், வாங்கிகளைப் பெருக்கிக் குருதியிலிருந்து கொலஸ்திரோலை எடுத்துக்கொள்கின்றது. இவ்வகை மருந்துகளை இன்று கோடிக்கணக்கானோர் உட்கொள்கின்றனர். பரம்பரைநோய் மாற்றவொண்ணாதது என்ற பழைய எண்ணம் இதனால் தளர்ந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் வாங்கிகளைப் பெருக்குவதற்குச் செம்மையான பரம்பரையலகு ஒன்றேனும் வேண்டும். எனவே எவருடைய தோற்கலங்கள் இவ்வறிவை ஈந்தனவோ அவர்களுக்கே அம்மருந்து பெரும்பயன் அளிக்கவில்லை. இந்த முரண்பாட்டை ஆய்வு வரலாறுகள் விரைந்து கடந்துவிடுவதாக எமக்குத் தோன்றுகின்றது.

வாங்கிகள் மிகுதியாக உள்ள உறுப்பு ஈரலாதலின், 1984இல் பிற்ஸ்பேர்க் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு ஈரலையும் மாற்றிப் பொருத்தினர். அவளது கொலஸ்திரோல் பெருமளவு இறங்கிற்று. 1990 வரை அவள் உயிர்வாழ்ந்தாள்.