ஏற்றுமதிக் கணக்கும் உணவுக் கணக்கும்: சமோவாவின் சேம்பு இலைக்கருகல் குறித்த ஒரு மறுவாசிப்பு

மேற்குச் சமோவாவை 1993-இல் தாக்கிய சேம்பு இலைக்கருகலைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை ஓர் எண்ணையே அச்சாணியாகக் கொள்கின்றன: 1994-இல் சேம்பு ஏற்றுமதி முந்தைய ஆண்டின் அளவில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. ‘தாலோ நியுவே’ என்ற ஒற்றை ரகத்தை எங்கும் நட்டதே அழிவுக்குக் காரணம், பழைய ரகங்களைக் காத்திருந்தால் நாடு தப்பியிருக்கும் என்ற முடிவு அந்த எண்ணிலிருந்தே பிறக்கிறது. எண்ணை நான் மறுக்கவில்லை. அது எதை அளக்கிறது என்பதில்தான் வேறுபடுகிறேன்.

துறைமுகத்தில் எண்ணப்படுவது வெளிநாட்டுச் சந்தையின் தரத்துக்குத் தேறிய கிழங்கு மட்டுமே. இந்நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா கொலோகேசியே என்ற நுண்ணுயிரி முதலில் அழிப்பது இலையை. நலமான செடியில் ஆறேழாக நிற்கும் இலைகள் மூன்று நான்காகக் குறையும். உணவு தயாரிக்கும் பரப்பு சுருங்க, கிழங்கும் சிறுக்கும். சிறுத்த கிழங்கை ஏற்றுமதியாளர் வாங்கமாட்டார், ஆனால் அதை வீட்டில் சமைக்கலாம். ஆகவே விளைச்சல் ஓரளவு குறைந்தாலே ஏற்றுமதி ஏறக்குறைய முற்றாக நின்றுவிடும். இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. உள்ளூர்ச் சந்தையிலும் சேம்பு அரிதானது உண்மைதான். எனினும் அடுப்பில் ஈரப்பலாவும் வாழைக்காயும் வள்ளிக்கிழங்கும், ‘தாஅமு’ எனப்படும் பெருஞ்சேம்பும் இருந்தன. பெருஞ்சேம்பை இந்நோய் பெரிதாகத் தீண்டுவதில்லை. 1993-இல் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கும் மேல் சேம்பால் வந்ததால் பண நெருக்கடி கடுமையாக இருந்தது. அந்தப் பண நெருக்கடியை உணவுப் பஞ்சத்தின் அளவுகோலாகக் கொள்வதே பிழை.

பழைய ரகங்கள் காப்பாற்றியிருக்கும் என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. தாலோ நியுவேயோடு சமோவாவின் பிற ரகங்களும் நோய்க்கு இரையாயின. சேம்பு விதையால் அல்ல, கிழங்கின் தலையையும் பக்கக் கன்றுகளையும் நட்டே பெருக்கப்படுவது. மேற்கிலிருந்து தீவு தீவாக வந்த குடியேறிகள் சில வகைகளின் கன்றுகளை மட்டுமே கொண்டுவந்தனர். கிழக்கே போகப்போக மரபணு வேறுபாடு குறைந்தது. பெயர்கள் பலவாக இருந்தாலும், இந்நோயை அறியாத சமோவாத் தோட்டங்களில் அதைத் தாங்கும் தன்மை மிக அரிது. அந்தத் தன்மையைப் பின்னாளைய வளர்ப்பாளர்கள் பலாவு, மைக்ரோனீசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களிலிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது.

ஒரே ரகம் அடுத்தடுத்து நின்றதால் நோய் விரைந்து பரவியது என்பர். ஏற்கிறேன். 1990-இல் ஓஃபா புயலும் 1991-இல் வால் புயலும் அடித்தபின் நடவு பெருகியது. ஆண்டு முழுதும் பசிய இலையும் மழையும் கிடைத்தால் வித்துகளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இது வேகத்தை விளக்குகிறதே தவிர விளைவை அல்ல. பூகேன்வில் தீவை நோக்குக. அங்கே சேம்பில் ரகங்கள் ஏராளம், ஏற்றுமதி கிடையாது. இருந்தும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதே நோய் வந்தபின் முதன்மை உணவின் இடத்தைச் சர்க்கரைவள்ளி பிடித்துக்கொண்டது. ரகப் பன்மை மட்டுமே கேடயம் என்ற கொள்கை அங்கே பொருந்தவில்லை. பயிர்ப் பன்மையே மக்களுக்குக் கைகொடுத்தது. சடங்குகளில் சேம்புக்குரிய மதிப்பை வேறு கிழங்கு பெறாது என்ற மறுப்பு இங்கு எழத் தேவையில்லை, ஏனெனில் மதிப்பிழப்பு வேறு, பட்டினி வேறு. ஒரு காலத்து ஏற்றுமதி அட்டவணையை வைத்து ஊர்த் தோட்டத்தின் வலிமையை மதிப்பிடுவோர், தோட்டத்திலிருந்த மற்ற பயிர்களுக்கும் ஒரு பத்தியை ஒதுக்கியாக வேண்டும்.