ஈயமா, லித்தியமா: கேம்பர் வேனுக்கு எந்த பேட்டரி?

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-இல் இருக்கிறது காரிமங்கலம். லாரிகள் ஓயாத இந்தச் சாலையில் ஈய அமில பேட்டரி பார்க்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து மாவட்டத்திலோ ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவும் லித்தியம் பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர்களைத் தயாரிக்கின்றன. படுக்கை, குட்டி பிரிட்ஜ், மின்விசிறி வைத்து ஒரு சின்ன வேனைக் கேம்பராக மாற்ற நினைக்கிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். விலையையும் எடையையும் பார்த்தால் மட்டும் போதாது; உழைப்பை எது எப்போது கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. பிரிட்ஜ், விசிறி, விளக்கு, செல்போன் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சரியும். ஆகவே 120 முதல் 150 ஆம்பியர்-மணி வேண்டும். அந்த அளவு டியூபுலர் பேட்டரி 50 கிலோவை எட்டும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். 100 ஆம்பியர்-மணி போதும், எடை சுமார் 12 கிலோ.

வேனுக்கு ஏற்ற லித்தியம் வகை இரும்பு பாஸ்பேட். இந்த மின்முனைப் பொருளை 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழு கண்டது. அதற்கு வழிவிட்ட 1980களின் ஆய்வில் குடினஃபுடன் உழைத்தவர், மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குடினஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் அவரே. இந்தப் பொருளில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அதனால் சூடேறினாலும் எளிதில் பிரிந்து வந்து தீயை வளர்ப்பதில்லை.

வேதியியல் சாதுவானது, மின்னோட்டம் சாதுவல்ல. 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த ஈய பேட்டரியானால் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரியின் பலவீனமே அங்கே காவல். லித்தியம் சளைக்காமல் கொடுக்கும், சூடு வயரில் ஏறும். போகவர 4 மீட்டர் நீளத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் 1.2 வோல்ட் இழப்பு. 120 வாட் வெப்பமாகவே போகும். அதுவே 25 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். பியூஸ் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். ஷார்ட் ஆனால் லித்தியத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மலிவான பியூஸ் உருகிய பிறகும் பொறிவழியே மின்சாரம் ஓடக்கூடும். அவ்வளவு மின்னோட்டத்தையும் அறுக்கவல்ல கிளாஸ் டி (Class T) வகையே பொருத்தம்.

சார்ஜிங்கிலும் இதே கதை. ஈய பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே குறைவாக வாங்கிக்கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட நிரம்பும்வரை கிடைப்பதையெல்லாம் இழுக்கும். சேலத்திலிருந்து திரும்புகையில் தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது, பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகத்தான் சுற்றும். முழுச் சுமையோடு ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். இடையில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வைத்தால் மின்னோட்டம் 20, 30 ஆம்பியரில் கட்டுப்படும். பழைய ஈய சார்ஜரை அப்படியே மாட்டுவதும் தவறு: அதில் 15 வோல்ட்டைத் தாண்டும் ஈக்வலைசிங் இருந்தால் லித்தியத்துக்கு ஆகாது. அதற்கு 14.6 வோல்ட்டே உச்சம்.

பராமரிப்பில் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஈயத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பூக்கும் உப்பைத் துடைக்க வேண்டும், ஹைட்ரஜன் வெளியேற வழி விட வேண்டும், குறை சார்ஜில் போட்டு வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியத்துக்கு இவை இல்லை. ஆனால் நிறுத்தி வைக்கும் வேனில் அதைப் பாதி சார்ஜில் விடுவதே நல்லது. சித்திரை வெயிலில் நிறைசார்ஜோடு கிடந்தால் ஆயுள் குறையும். குலுங்கும் வண்டி என்பதால் நட்டுகளையும் அவ்வப்போது இறுக்கிப் பார்க்க வேண்டும்.

நலம் அறியும் வழியும் வேறு. ஈயத்தில் மீட்டரை வைத்தால் 12.7 நிறைவு, 12.2 ஏறத்தாழப் பாதி. லித்தியத்தில் 90 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட் அளவே; உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் இல்லாமல் இருப்பு தெரியாது.

ஈயத்துக்கு இன்னொரு பலம், பழையதைக் கொடுத்தால் விலை கழிப்பார்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இரண்டுக்கும் பொருந்தினாலும், லித்தியத்துக்கு அந்தப் பழக்கம் கடைத்தெருவில் இன்னும் ஊன்றவில்லை.

ஆண்டுக்கு ஓரிரு முறை ஒகேனக்கல், ஏற்காடு போய் வருபவருக்கு ஈயமே போதும், வீட்டிலும் சார்ஜில் வைத்திருந்தால். வாரக்கணக்கில் வேனில் வாழ்பவருக்கு லித்தியம். ஆனால் பேட்டரிக்கு ஒதுக்கும் பணத்தோடு வயர், பியூஸ், சார்ஜர், ஷண்ட் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அதற்குக் கையில் பணமில்லை என்றால், பழைய வயரிங்கில் லித்தியத்தை மாட்டுவதைவிட நல்ல ஈய பேட்டரியை வாங்குவதே பாதுகாப்பு.